மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் எதைக் கற்றுக்கொண்டு வெளியே வர வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் ஓர் அரசு மருத்துவமனையின் பொது மருத்துவ வார்டில் வேலை பார்க்கிறேன். வருடம் முழுக்க மாணவர்கள் வந்து போகிறார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே, பட்டம் வாங்கிப் பயிற்சியில் இருக்கும் ஹவுஸ்மேன்கள். கோயிலிலோ கல்யாண வீட்டிலோ கண்டால் பெற்றோர் பிடித்துக்கொள்வார்கள்: "பிள்ளைக்கு மெடிசின் கிடைச்சிருக்கு டாக்டர், எதை நல்லாப் படிக்கணும்?" திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை ஓரிடத்தில் எழுதிவைக்கலாம் என்று தோன்றியது. பதில்கள் பலவாக இருந்தாலும் என் மனதில் ஓடுவது ஒன்றுதான். பார்த்ததைப் பார்த்தேன் என்றும், பார்க்காததைப் பார்க்கவில்லை என்றும் சொல்லத் தெரிய வேண்டும். அது வராமல் மற்றது எது வந்தாலும் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஐந்து வருடம் என்னதான் படிப்பார்கள்?

பொதுவாக முதல் இரண்டு வருடம் வகுப்பறையும் ஆய்வுக்கூடமும்: உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல், மருந்துகள், நோய் உண்டாகும் விதம். அடுத்த மூன்று வருடம் வார்டு. பொது மருத்துவம், அறுவை, குழந்தைகள், பிரசவம், எலும்பு, மனநலம் என்று ஒவ்வொரு பிரிவாகச் சுற்றி வருவார்கள். இடத்துக்கு இடம் ஏற்பாடு மாறும். பட்டம் வாங்கியதும் தனியாக வைத்தியம் பார்க்க முடியாது. ஹவுஸ்மேனாக மேற்பார்வையில் வேலை செய்து முடித்த பிறகுதான் மலேசிய மருத்துவ மன்றத்தில் முழுப் பதிவு. நாங்கள் செய்தபோது அது இரண்டு வருடம்: ஆறு பிரிவு, பிரிவுக்கு நான்கு மாதம்.

முதல் இரண்டு வருடம் வெறும் மனப்பாடம்தானே? எல்லாம் மறந்துபோகிறதே?

நரம்பின் பெயர், எலும்பின் மேடு பள்ளம் மறக்கட்டும். தேவைப்படும்போது புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். மறக்கக் கூடாதது உடம்பு எப்படி ஓடுகிறது என்பது.

டிங்கி காய்ச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த நாட்டில் டிங்கி இரத்தக்கசிவுக் காய்ச்சல் முதலில் பரவியது 1962-இல், இதே பினாங்கில். மூன்று நான்கு நாள் உடம்பு கொதிக்கும். அப்புறம் ஒரு காலையில் நெற்றி குளிர்ந்திருக்கும். "காய்ச்சல் விட்டுடுச்சு டாக்டர், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாமா?" என்று அம்மா சிரித்த முகத்தோடு கேட்பார். ஆபத்து தொடங்குவதே அப்போதுதான். இரத்தக் குழாயின் சுவர் வழியாக இரத்தத்தின் நீர்ப்பகுதி கசிந்து வெளியே போகிறது. சிவப்பணுக்கள் உள்ளேயே நிற்கின்றன. தண்ணீர் வற்றிய குழம்பு மாதிரி இரத்தம் கெட்டிப்படுகிறது. ஹீமட்டோகிரிட், அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, ஏறுவது அதனால்தான். ஒன்றிரண்டு நாளில் கசிந்த நீர் தானாகவே குழாய்க்குத் திரும்பும். அதைக் கவனிக்காமல் டிரிப்பை ஓட்டிக்கொண்டே இருந்தால் நுரையீரலில் நீர் சேர்ந்து மூச்சுத் திணறும்.

இந்தக் கதை உள்ளே போய்விட்டால் எச்சரிக்கை அறிகுறிகள் வெறும் பட்டியலாகத் தோன்றாது. வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் இரத்தம், பிள்ளை துவண்டு கிடப்பது இவற்றைக் கண்டால் கால்கள் தானாகக் கட்டிலை நோக்கி நடக்கும். முதல் இரண்டு வருடப் படிப்பின் பயன் இதுதான்.

வார்டுக்கு வந்த முதல் நாள் எதைக் கற்றுக்கொள்வது?

மூச்சை எண்ண.

இதைச் சொன்னால் மாணவர்கள் முகம் வாடிவிடும். புது ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு இதயத்தைக் கேட்க வந்தவர்கள் அவர்கள். ஆனால் உடம்பு உள்ளே கெடத் தொடங்கினால், இரத்த அழுத்தம் விழுவதற்கு வெகு முன்பே மூச்சின் வேகம் ஏறிவிடும். ஓய்வில் இருக்கும் பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20. அழுத்தம் பார்க்கவும் ஆக்சிஜன் அளவு பார்க்கவும் இயந்திரம் இருக்கிறது. மூச்சை எண்ண ஒரு மனிதர் கட்டிலருகே ஒரு முழு நிமிடம் நிற்க வேண்டும். அதனாலேயே, நான் பார்த்தவரையில், சார்ட்டில் மனம்போல் எழுதப்படும் எண் அதுதான்.

இரண்டு வருடத்துக்கு முன் ஜன்னலோரக் கட்டிலில் ஒரு பெரியவர். சார்ட்டில் 18, 18, 18 என்று வரிசையாக இருந்தது. மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி என்னிடம் வந்து, "டாக்டர், நான் தப்பா எண்ணிட்டேன்னு நினைக்கிறேன். ரெண்டு தடவையும் 34 வருது" என்றாள். போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக்குழி உள்ளே இழுத்தது, சட்டையின் மேல் பொத்தான் ஏறி இறங்கியது. மிஸ்ஸியை (நர்ஸை) தொந்தரவு செய்ய வேண்டாம் என்று ஐயா யாரையும் கூப்பிடவில்லையாம். கடுமையான நிமோனியா. அன்று மாலையே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார். பத்து நாள் கழித்து நடந்து வீட்டுக்குப் போனார். அந்தப் பெண்ணுக்கு அன்று எந்த ஆண்டிபயாட்டிக் கொடுப்பது என்று தெரியாது. ஆனால் எண்ணத் தெரிந்திருந்தது. சார்ட்டில் ஒன்று இருக்க, தான் கண்டது வேறு என்று வந்து சொல்லவும் முடிந்தது.

ஸ்கேன், எக்ஸ்ரே எல்லாம் வந்த பிறகும் தொட்டுப் பார்க்கும் பரிசோதனை அவசியமா?

காலுறையைக் கழற்றிப் பாருங்கள், பதில் கிடைக்கும். 2019-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வில் இந்நாட்டுப் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) இருந்தது. இந்தியர்களான நம்மவர்களிடம்தான் அது மிக அதிகம். நரம்பு மரத்துப்போன காலில் ஆணி ஏறினாலும் தெரியாது. தைப்பூசம் முடிந்த வாரம் வார்டுக்கு வாருங்கள்: தார்ச்சாலை வெயிலில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வெறுங்காலோடு நடந்து, சுட்டதே தெரியாமல் பாதம் முழுக்கக் கொப்பளத்தோடு வருபவர்களைப் பார்க்கலாம். விரலிடுக்கு, குதிகால், செருப்பு வார் உரசும் இடம், அடிப்பாதம் நான்கையும் பாருங்கள். போர்வையை விலக்காமல் "கால்: நார்மல்" என்று எழுதுவது பொய்.

தமிழும் ஆங்கிலமும் தெரிந்தால் போதுமா?

போதாது. பள்ளிக்கூட மலாயும் போதாது. வலிக்கு "சாக்கிட்" என்ற ஒரே சொல்லோடு வார்டுக்கு வரும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். மலாய் அம்மா, அதாவது மக்சிக் ஒருவர் "பெடே" என்றால் எரிச்சல், "மென்சூசோக்" என்றால் குத்தல், "கெபாஸ்" என்றால் மரத்துப்போவது, "செம்போட்" என்றால் மூச்சிளைப்பு. "ஊலு ஹாத்தி" என்று நெஞ்சுக்குழியைத் தொட்டுக் காட்டினால் வாயு மாத்திரை கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். மாரடைப்பும் அங்கே வலிக்கும். வயதான பெண்களிடமும் இனிப்பு நீர் உள்ளவர்களிடமும் இதில் இன்னும் கவனம் தேவை. பினாங்கு என்றால் ஹொக்கியனில், கோலாலம்பூர் என்றால் கண்டனீஸில், ஒரு பதினைந்து சொல்லாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சீனப் பாட்டி (ஆ மா) ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு "லாவ் சாய்" என்றால் வயிற்றுப்போக்கு என்று மொழிபெயர்க்க ஆள் தேடி ஓடக் கூடாது அல்லவா?

சரி, தமிழுக்கு வருவோம். நம் பிள்ளைகளுக்கு வீட்டுத் தமிழ் வரும். உடம்புத் தமிழ் வருவதில்லை. ஒரு மாணவன் பாட்டியிடம் விவரம் கேட்டுவிட்டு "எடை குறைகிறது" என்று எழுதியிருந்தான். பாட்டி சொன்னது "நடந்தா இளைக்குது தம்பி" என்று. அவர் சொன்ன இளைப்பு மூச்சிளைப்பு. உடம்பு மெலிந்திருந்தால் "இளைச்சுட்டேன்" என்று சொல்லியிருப்பார். ஒரு விகுதியில் இதய நோய் போய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை வந்துவிட்டது.

"தலை சுத்துது" என்பதும் "கண்ணு இருட்டிக்கிட்டு வருது" என்பதும் ஒன்றல்ல. முதலாவதில் அறையே சுழல்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் காதின் உட்பகுதியில் கோளாறு இருக்கும். இரண்டாவது எழுந்து நின்றால் வருகிறதா என்று கேளுங்கள். அழுத்தம், இரத்தச்சோகை, இதயம் என்று வழி வேறு பக்கம் போகும். ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறார்கள். குத்தல், குடைச்சல், கடுப்பு, இழுப்பு, விண்விண் என்று தெறிப்பது என வலிக்கு நம்மிடம் இவ்வளவு சொல் இருக்கிறது. நோயாளி சொன்ன சொல்லை முதலில் அப்படியே தமிழில் குறித்துக்கொள்ளுங்கள். பொருள் காண்பது அதற்குப் பிறகு.

பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். ஐயா, அம்மா, பாட்டி, மக்சிக், பக்சிக், அங்கிள், ஆன்ட்டி: எது அவருக்கு ஒட்டுமோ அது.

நோயாளி ஜாமு (மலாய் மூலிகை மருந்து), நாட்டு மருந்து சாப்பிடுகிறார் என்றால் மாணவர் என்ன செய்ய வேண்டும்?

திட்டாமல் கேட்க வேண்டும். "வேற மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும், ஏனென்றால் பலருக்கு அது மருந்தே இல்லை. "மூட்டு வலிக்கு வீட்டுல என்ன சாப்பிடுவீங்க பாட்டி? பவுடர், லேகியம், கேப்சூல்?" என்று கேட்டுப் பாருங்கள். கைப்பையிலிருந்து பொட்டலம் வெளியே வரும்.

இது ஏன் முக்கியம் என்றால், சந்தையில் கைமாறும் சில பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். இரண்டே நாளில் வலி பறந்துவிடும், அதனால் நம்பிக்கையும் கூடும். மாதக்கணக்கில் சாப்பிட்டால் முகம் உருண்டு, தோல் மெலிந்து, லேசாகத் தட்டினாலே கன்றிப்போகும். நாம் கோபத்தில் "இன்னைக்கே நிறுத்துங்க" என்று சொல்லி, அவரும் நிறுத்திவிட்டால் அழுத்தம் சரிந்து மயங்கி விழலாம், ஏனென்றால் உடம்பு தனக்கு வேண்டிய ஹார்மோனைச் சுரக்க மறந்திருக்கும். எனவே பெரிய டாக்டர்களைக் கேட்காமல் நிறுத்தச் சொல்லாதீர்கள்.

இதோடு சேர்ந்த இன்னொன்று: "இனிப்பு நீர் மருந்து சாப்பிட்டா கிட்னி கெட்டுடும்." இதைக் கேட்காத வாரம் இல்லை. சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுக்கடங்காத சர்க்கரையும் அழுத்தமும்தான். மெட்ஃபார்மின் கெடுப்பதில்லை. ஆனால் சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவருக்கு அந்த மருந்தைக் குறைப்போம், ஒரு கட்டத்தில் நிறுத்துவோம். டாக்டர் நிறுத்தினார் என்றதும், மருந்தால்தான் கெட்டது என்று பக்கத்து வீட்டில் கதை பரவும். இதைப் பொறுமையாக, படம் வரைந்து விளக்கப் பழகுங்கள்.

கையால் செய்யும் வேலைகளில் எவை கட்டாயம் வர வேண்டும்?

இரத்தம் எடுப்பது, பிரானுலா (டிரிப் ஏற்ற இரத்தக் குழாயில் வைக்கும் சிறு குழாய்) போடுவது, சிறுநீர்க்குழாய் வைப்பது, இசிஜி எடுப்பது, தையல். அப்புறம் நெஞ்சழுத்தம்: நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக எழும்ப விட வேண்டும். பொம்மையில் கை வலிக்கும்வரை செய்து பாருங்கள். உண்மையான மனிதர் மேல் இரண்டு நிமிடத்திலேயே தோள் சோர்ந்துவிடும்.

பிரானுலா இரண்டு தடவை தவறினால் மூன்றாவது தடவை நீங்கள் குத்தக் கூடாது, வேறொருவரைக் கூப்பிடுங்கள். இது என் வார்டின் விதி.

எழுத்தும் கைவேலைதான். இன்சுலின் அளவை எழுதும்போது "யூனிட்" என்று முழுச் சொல்லையும் எழுதுங்கள். ஆங்கில எழுத்து 'யூ' மட்டும் போட்டால் அவசரத்தில் அது சுழியாகத் தெரியும். 10 என்பது 100 ஆகும். 0.5 என்றால் புள்ளிக்கு முன்னால் சுழி கட்டாயம். 5 என்றால் புள்ளியும் சுழியும் பின்னால் வேண்டாம்.

ஊசி உங்கள் விரலில் குத்திவிட்டால் பிதுக்காதீர்கள். சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள், உடனே சொல்லுங்கள். எச்ஐவி தொற்று உள்ளவருக்குப் போட்ட ஊசியானாலும் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று அளவுதான். தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், முதல் சில மணி நேரத்திலேயே தொடங்கினால் இன்னும் நல்லது. ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்று வார்டுக்கு வருவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். வெட்கப்பட்டு மறைத்த மாணவர்கள் இருக்கிறார்கள். அந்த இரவு அவர்கள் தூங்கியிருக்க மாட்டார்கள்.

தவறு செய்துவிட்டால்?

நான் செய்ததைச் சொல்கிறேன். வேறோர் ஊரில் ஹவுஸ்மேனாக இருந்த சமயம். விடியற்காலை மூன்று மணி. சிறுநீரகக் கோளாறு உள்ள ஒருவருக்கு உடம்பு தளர்ச்சியாக இருக்கிறது என்று எனக்கு மேல் பொறுப்பில் இருந்த மெடிக்கல் ஆபீசருக்கு (எம்.ஓ.) போன் செய்தேன். "பொட்டாசியம் எவ்வளவு?" என்று கேட்டார். "நார்மல் டாக்டர்" என்றேன். முந்திய நாள் காலையில் பார்த்தது நார்மல். இரவு அனுப்பிய இரத்தத்தின் முடிவு வந்து கணினியில் இருந்தது, நான் திறக்கவில்லை. களைப்பு ஒரு பக்கம், தெரியாது என்று சொன்னால் திட்டுவாரோ என்ற பயம் இன்னொரு பக்கம். "நார்மல்" என்ற சொல் வாயில் தானாக வந்துவிட்டது.

ஏனோ அவருக்கு மனம் ஒப்பவில்லை. எழுந்து வந்தார். இசிஜி எடுக்கச் சொன்னார். அலைகள் கூடாரம் போல உயர்ந்து நின்றன. கணினியைத் திறந்தால் பொட்டாசியம் 6.9, உயிருக்கே ஆபத்தான அளவு. கால்சியம், இன்சுலின், டெக்ஸ்ட்ரோஸ், விடிந்ததும் டயாலிசிஸ். நோயாளி பிழைத்துக்கொண்டார். எம்.ஓ. என்னைத் திட்டவே இல்லை. கை கழுவிக்கொண்டே, "தெரியாதுன்னு சொல்லியிருந்தா நான் அப்பவே பார்க்கச் சொல்லியிருப்பேனே தம்பி" என்றார். அவ்வளவுதான்.

மருந்தளவில் தவறலாம், நோயைக் கண்டுபிடிப்பதில் தவறலாம். அதையெல்லாம் இன்னொருவர் பார்த்துத் திருத்த வழி இருக்கிறது. பார்க்காததைப் பார்த்தேன் என்று சொன்னால் அந்த வழி அடைபட்டுவிடும். கேட்பவர் உங்கள் சொல்லை நம்பித் தூங்கப் போய்விடுவார். தவறு நடந்துவிட்டால் உடனே மேலே சொல்லுங்கள், நடந்ததை நடந்த நேரத்தோடு எழுதுங்கள். எழுதியதை ஒருபோதும் பின்னால் மாற்றாதீர்கள்.

பெரிய டாக்டரை எப்போது கூப்பிடுவது? எப்படிப் பேசுவது?

கூப்பிடலாமா என்ற சந்தேகம் வந்த கணமே கூப்பிடும் நேரம்தான். பேசும் முறையை மாணவராக இருக்கும்போதே பழகுங்கள்: நீங்கள் யார், யாருக்கு என்ன நடக்கிறது, பின்னணி என்ன, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், என்ன வேண்டும். "டாக்டர், வார்டு 5, கட்டில் 12, டிங்கி ஐந்தாம் நாள். காய்ச்சல் காலையில் விட்டது. இப்போது வயிற்று வலி, மூச்சு 28, கை கால் சில்லென்று இருக்கிறது. ஹீமட்டோகிரிட் இன்னும் பார்க்கவில்லை, இப்போது எடுக்கிறேன். ஷாக்குக்குப் போகிறார் என்று பயப்படுகிறேன். நீங்கள் வந்து பார்க்க வேண்டும்." அரை நிமிடம்கூட ஆகாது. நடுவில் வரும் "இன்னும் பார்க்கவில்லை" என்ற வார்த்தையைக் கவனியுங்கள். அதைச் சொல்லக் கூச்சப்படாத மாணவரை நான் நம்புவேன்.

"அப்பாகிட்ட கான்சர்னு சொல்லாதீங்க" என்று குடும்பத்தார் கேட்டால்?

நம் வீடுகளில் இது நடக்காமல் இருக்காது. மூத்த மகன் நடைபாதையில் நிறுத்தி, குரலைத் தாழ்த்திக் கேட்பார். அவர் அப்பாவின் மேல் உள்ள பாசத்தால்தான் கேட்கிறார். சட்டம் பேசி அவரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். "சொன்னா என்ன ஆகும்னு பயப்படுறீங்க அண்ணே?" என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில், "மனசு விட்டுடுவார், சாப்பிட மாட்டார்" என்பதாக இருக்கும். அந்தப் பயத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் நோய் அப்பாவுடையது. தெரிந்துகொள்ளும் உரிமையும் அவருடையது. வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவருடையதே. நான் செய்வது இது: நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஐயா, டெஸ்ட் முடிவு வந்திருக்கு. எல்லாத்தையும் உங்ககிட்டயே சொல்லணுமா, இல்ல பிள்ளைகிட்ட சொன்னாப் போதுமா?" என்று கேட்பேன். சிலர் மகனைக் கைகாட்டுவார்கள். பலர், "எனக்குத் தெரியும் டாக்டர், பையனுக்குத்தான் தெரியாது, அவன் தாங்க மாட்டான்" என்பார்கள். அப்பாவும் மகனும் ஒருவரிடமிருந்து ஒருவர் மறைத்துக்கொண்டு எத்தனை வாரம் கழிந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

மாணவர் இந்தச் செய்தியைத் தானே சொல்லக் கூடாது. கூட நின்று கவனிக்க வேண்டும். செய்தியைச் சொன்னதும் பெரிய டாக்டர் எவ்வளவு நேரம் பேசாமல் இருக்கிறார் என்று பாருங்கள். அந்த மௌனத்தை இடையில் புகுந்து நிரப்பாதீர்கள். நோயாளி நேரடியாக உங்களிடமே கேட்டால், "ஒண்ணும் இல்ல ஐயா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். "நான் மாணவன் ஐயா, உங்க டாக்டரைக் கூட்டிட்டு வர்றேன்" என்று சொல்லி, சொன்னபடி கூட்டிக்கொண்டு வாருங்கள்.

தெரிந்தவர் வார்டில் இருந்தால் வீட்டில் சொல்லலாமா? படம் பகிரலாமா?

சொல்லக் கூடாது, பகிரக் கூடாது. நம் சமூகம் சிறியது. பட்டர்வொர்த்தில் சொன்னது மாலைக்குள் கடல் தாண்டி ஆயர் ஈத்தாமுக்கு வந்துவிடும். பெயரை மறைத்துப் போட்ட எக்ஸ்ரே படத்தை வாட்ஸ்அப்பில் பார்த்து, யாருடையது என்று கண்டுபிடித்த குடும்பத்தை எனக்குத் தெரியும். "அந்தக்கா ஏன் ஆஸ்பத்திரியில இருக்காங்க?" என்று அம்மாவே கேட்டாலும், "அவங்களையே கேளுங்கம்மா" என்பதுதான் பதில்.

புத்தகத்தில் உள்ளதை ஒழுங்காகப் படித்தால் போதாதா?

பெரும்பாலான நாட்களுக்குப் போதும். போதாமல்போன ஒரு காலம் இந்த நாட்டிலேயே இருந்தது. 1998 செப்டம்பர் வாக்கில் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் வரத் தொடங்கியது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவுகட்டிப் புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை, நெகிரி செம்பிலானுக்கும் பரவியது.

வார்டில் இருந்தவர்களுக்குச் சில விஷயங்கள் ஒட்டவில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும், இங்கே படுத்தவர்களோ பன்றிகளைத் தொட்டு வேலை செய்த வளர்ந்த ஆண்கள். தடுப்பூசி போட்டவர்களுக்கும் வந்தது. பன்றிகளும் இருமிச் செத்தன. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங், சுங்கை நிப்பா கிராமத்து நோயாளி ஒருவரின் தண்டுவட நீரிலிருந்து அதுவரை யாரும் அறியாத வைரஸைப் பிரித்தெடுத்தார். நிப்பா என்ற பெயர் அப்படி வந்தது. நோய் அடங்குவதற்குள் நூறு பேருக்கு மேல் இறந்துவிட்டார்கள்.

ஒவ்வொரு வருடமும் மாணவர்களிடம் இதைச் சொல்வேன். யார் படுத்திருக்கிறார்கள், என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்பது சடங்கல்ல. பினாங்கில் 2017 நவம்பர் வெள்ளத்தைப் போல் தண்ணீர் ஏறி இறங்கிய பிறகு காய்ச்சலோடு வருபவரிடம், "வீட்டைக் கழுவினீங்களா, காலில் புண் இருந்ததா?" என்று கேட்காதவருக்கு எலிச்சிறுநீரால் வரும் லெப்டோஸ்பைரோசிஸ் நினைவுக்கே வராது. எழுதிவைத்த நோய்க்கும் எதிரே இருக்கும் ஆளுக்கும் பொருந்தவில்லை என்றால், பொருந்தவில்லை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

செயற்கை நுண்ணறிவுதான் எல்லாம் சொல்கிறதே?

படிக்க உதவட்டும், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் நீங்கள் கொடுக்கும் விவரத்தை வைத்துத்தான் அது பேசும். மூச்சு 18 என்று எண்ணாமலே எழுதிக் கொடுத்தால், அந்த 18-ஐ நம்பித்தான் பதில் சொல்லும். நோயாளியின் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் அதில் போடாதீர்கள்.

பெற்றோர் கேட்பது: பிள்ளை களைத்துப்போய்விட்டான். என்ன செய்வது?

முதலில், "எவ்வளவு செலவு பண்ணிருக்கோம்" என்று ஆரம்பிக்காதீர்கள். அவனுக்கு அது தெரியும், இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருப்பான். தூக்கம், சாப்பாடு, நண்பர்கள் மூன்றும் குறைந்துவிட்டதா என்று பாருங்கள். கல்லூரி ஆலோசகர் இருப்பார். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555-ஐ யாரும் அழைக்கலாம். ஒரு வருடம் தள்ளிப் படிப்பதால் குடி முழுகிவிடாது.

வேலை விஷயத்திலும் பிள்ளையிடம் உண்மையைச் சொல்லுங்கள். 2016 இறுதியிலிருந்து அரசு ஹவுஸ்மேன்களை ஒப்பந்தத்தில்தான் எடுக்கிறார்கள். 2021 ஜூலை 26-இல் இளம் மருத்துவர்கள் இதற்காகவே வெளிநடப்புச் செய்தார்கள். டாக்டர் என்றால் நிரந்தர அரசு வேலை என்று நம் தாத்தாக்கள் நம்பிய காலம் இப்போது இல்லை. இதெல்லாம் தெரிந்த பிறகும் நோயாளிகளோடு இருக்கத்தான் பிடிக்கிறது என்று சொல்லும் பிள்ளையை அனுப்புங்கள். உறவினர் முன் பெருமைக்காக அனுப்ப வேண்டாம்.

விடுமுறையில் உருப்படியாக என்ன செய்யலாம்?

வீட்டிலோ பக்கத்திலோ இருக்கும் பாட்டியின் மருந்து டின்னைத் திறந்து பாருங்கள். பழைய பிஸ்கட் டின்தான், எல்லார் வீட்டிலும் இருக்கும். எல்லாவற்றையும் மேசையில் கொட்டி, பட்டைகளின் பின்பக்கம் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். நான் கடைசியாகப் பார்த்த டின்னில் அம்லோடிபின் என்ற இரத்த அழுத்த மாத்திரை மூன்று பட்டை இருந்தது. அரசு கிளினிக்கில் ஒன்று, தனியார் கிளினிக்கில் ஒன்று, தங்கச்சி கொடுத்தது ஒன்று. மூன்றிலும் நிறமும் வணிகப் பெயரும் வேறு, மருந்து ஒன்றுதான். பாட்டி மூன்றையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதனால் கால் வீங்கியிருந்தது. வீக்கத்துக்கென்று நாலாவதாக ஒரு மாத்திரையும் வாங்கி வைத்திருந்தார்.

நீங்களாக எதையும் நிறுத்தச் சொல்ல வேண்டாம். எந்த மாத்திரை, எந்த வேளை, யார் கொடுத்தது, பாட்டி உண்மையில் எதைச் சாப்பிடுகிறார் என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டுங்கள். காலாவதியானதைத் தனியே கட்டி வையுங்கள். அடுத்த கிளினிக் நாளில் டின்னையே தூக்கிக்கொண்டு பாட்டியோடு நீங்களும் போங்கள்.